கரம்பன் மாணவரின் உரோமாபுரி வாசம்

குருநகர்க் கடற்கரையில் நின்று தென்மேற்கே நோக்குவார்க்கு முதலில் மண்டைதீவு தோன்றும். அதற்கும் அப்பால் கிடப்பது வேலணைத் தீவு. அத்தீவின் வடபால், ஊர்காவற்றுறைக்கு அணித்தாக, கரம்பன் என்னும் சிற்றூர் உளது. பனையும் பூவரசும் உப்புக்காற்றுமே அவ்வூரின் செல்வம். அங்கே 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்த ஒரு குழந்தைக்குச் சேவியர் என்று பெயரிட்டனர். தனிநாயகம் அடிகள் என்று தமிழுலகம் பின்னாளில் போற்றிய பேரறிஞர் அவரே. அவருடைய ஆராய்ச்சிப் பெருமையை மேடைதோறும் பேசக் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் மாணவராய் இருந்த காலத்தையும், மாணவப் பருவம் கடந்த பின்னும் மாணவராகவே ஊர் ஊராய் அலைந்த காலத்தையும் பேசுவார் அருகியே உளர். எனக்கோ அந்த மாணவரையே மிகவும் பிடிக்கும்.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி கற்ற அவர், 1923ஆம் ஆண்டு எங்கள் குருநகருக்கு அயலிலுள்ள சம்பத்திரிசியார் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இன்றுள்ள பண்ணைத் தாம்போதி அன்று இல்லை. தீவகத்துப் பிள்ளைகள் கடல் கடந்துதான் யாழ்ப்பாணம் வரவேண்டும். பிற்காலத்தில் ஐந்து கண்டங்களையும் சுற்றிவந்த ஒருவருடைய முதற் கடற்பயணம் இந்த ஆழங்குறைந்த பரவைக் கடலில் நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது எங்கள் ஊரார்க்குச் சிறிது செருக்கு உண்டாவது இயல்பே. ஏழாண்டுகள் அவர் அங்கே பயின்றார். பின்னாளில் அக்கல்லூரியின் அதிபராய் விளங்கியவர் அயர்லாந்து தேசத்தவரான லோங் அடிகள். இப்பெயரை வாசகர் நினைவில் இருத்துக. இறுதியில் இவரிடம் மீளவேண்டி வரும்.

அந்நாளைய யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகள் யாவும் ஆங்கிலக் கல்லூரிகள். மாணவர்கள் ஆங்கில இலக்கணத்தில் வல்லவராவர். இலத்தீனிலும் ஓரளவு புலமை பெறுவர். தமிழோ வீட்டு முற்றத்தோடு நின்றுவிடும். சேவியரும் இதற்கு விலக்கானவரல்லர். அங்கிருந்து கொழும்புப் புனித பேர்ணாட் குருமடத்தில் 1931 முதல் மூன்றாண்டு மெய்யியல் கற்றார். 1934இல் உரோமாபுரிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. சங்க இலக்கியம் என்னும் கடலில் அவர் அப்பொழுது கால் நனைத்தவரல்லர்.

உரோமாபுரியில் அவர் சேர்ந்த இடம் ஊர்பான் கல்லூரி. விசுவாசப் பரப்பற் சங்கத்தின் ஆதரவில், 1627ஆம் ஆண்டு எட்டாம் ஊர்பான் பாப்பரசரால் நிறுவப்பட்டது. பல நாட்டு இளைஞரும் ஒருங்கே பயிலும் இடம். சீனரும் ஆபிரிக்கரும் அரபியரும் ஐரோப்பியரும் ஒரே மேசையில் உணவருந்துவர். உரோமாபுரியை மேலிருந்து நோக்கும் ஜானிக்குலக் குன்றின்மேல் அக்கல்லூரி இருந்தது. கீழே சம்பேதுரு பேராலயத்தின் பெருங்கவிகை. பாடங்கள் இலத்தீனில், தேர்வும் இலத்தீனில், அதுவும் வாய்மொழித் தேர்வு. இலத்தீனைச் செத்த மொழி என்று சொல்வோர் அக்காலத்து உரோமாபுரிக் குருமடம் ஒன்றில் ஒருநாள் தங்கியிருந்தால் அக்கருத்தைக் கைவிட்டிருப்பர். சீசரின் மொழியில் விளையாடவும், வேடிக்கை பேசவும், ஏன் சண்டை பிடிக்கவும் அங்கே இயலும்.

குருமாணவர் தனித்து நகருலாவுதல் அந்நாளில் வழக்கமில்லை. கூட்டங்கூட்டமாகவே செல்வர். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு நிற அங்கி. ஸ்கொத்லாந்து மாணவர் ஊதா நிறம். ஊர்பான் கல்லூரியார் கரிய அங்கியும் சிவந்த இடைக்கச்சையும். ஜெர்மானியக் கல்லூரி மாணவரோ தலைமுதல் கால்வரை செக்கச்செவேலென்று சிவப்பங்கி தரித்து வருவர். உரோமாபுரிக் குறும்பர்கள் அவர்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வெந்த இறால் என்பது! இறால் வெந்தால் என்ன நிறமாகும் என்பதைக் குருநகரில் எவரும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தீவகத்து இளைஞர் அப்பெயரை முதன்முதலாகக் கேட்டபோது எவ்வளவு நகைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணி நகைத்ததுண்டு. உலகத்தின் மறுகோடியிலும் கரையோர மக்களின் நகைச்சுவை ஒன்றுதான் போலும். இடியப்பத்திற்குப் பழகிய நாவுக்கு இத்தாலியரின் ஸ்பகெத்தி, தேங்காய்ப்பாலை இழந்த இடியப்பமாகத் தோன்றியிருக்கவும் கூடும், இது என் கற்பனை, வாசகர் பொறுத்தருள்க.

அக்கல்லூரிக்கு இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. மூன்று அரசர் திருநாளையொட்டி மாணவர் ஒவ்வொருவரும் அவைமுன் எழுந்து தத்தம் தாய்மொழியில் செய்யுளோ உரையோ சொல்லவேண்டும். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கேத்தே 1787ஆம் ஆண்டு ஜனவரியில் உரோமாபுரியில் தங்கியிருந்தபோது இவ்விழாவைக் கண்டு தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்துள்ளார். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் ஒலித்தன. பழக்கமற்ற ஓசைகளைக் கேட்ட அவையோர் அடக்கமின்றிச் சிரித்தனர் என்பது அவர் தரும் செய்தி. நான் அப்பகுதியைப் படித்தபோது சிரிக்கவில்லை. ஒரு மொழியின் பின்னால் அதன் இலக்கியம் நிற்பதை அறியாதவனுக்கு அம்மொழி வெறும் ஓசையே. பொருளுணர்த்துவார் இல்லாத இடத்தில் காப்பியமும் காக்கைக் கரைவும் ஒன்றாகிவிடும். பல மொழியார் நடுவே வாழும் ஒரு மாணவன் தன் மொழிக்காக நாணவேண்டுவது பிறர் சிரிக்கும்போதன்று. உங்கள் மொழியில் என்ன இருக்கிறது என்று பிறர் மெய்யான ஆர்வத்தோடு வினவ, தான் விடையின்றி நிற்கும்போது.

இந்த வினாவின் எதிரே அவர் சோர்ந்து அமரவில்லை. உரோமாபுரியில் பயின்ற தமிழ் மாணவரைச் சேர்த்து ஒரு கழகம் கண்டார். அதற்கு வீரமாமுனிவர் கழகம் என்று பெயரிட்டார். இப்பெயரின் பொருத்தத்தை நோக்குக. வீரமாமுனிவர் 1680இல் வட இத்தாலியில், காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தவர். இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்தவர். தமிழகத்துக்கு வந்து தமிழரான இத்தாலியர் ஒருவரின் பெயரால், இத்தாலிக்குச் சென்ற தமிழர்கள் தமிழைத் தேடத் தொடங்கினர்! மார்க்கோனி அமைத்து 1931இல் தொடங்கிய வத்திக்கான் வானொலியிலும் அக்காலத்தில் அவர் தமிழில் உரையாற்றினார்.

அவர் அங்கிருந்த ஐந்தாண்டுகளும் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1935 அக்டோபரில் முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குட் புகுந்தன. ஒரே மேசையில் பல கண்டத்தாரும் உண்ணும் கல்லூரியில் அச்செய்தி எப்படி இறங்கியிருக்கும்! 1938 மே மாதத்தில் ஹிட்லர் உரோமாபுரிக்கு விருந்தினராய் வந்தான். பதினொராம் பத்திநாதர் நகரைவிட்டுக் காஸ்தெல் கந்தோல்போ சென்றுவிட்டார். அதற்குச் சில வாரங்களின் முன், மார்ச் 19ஆம் நாள், சேவியர் குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராயிருந்து 258இல் உயிர்ப்பலியான சிப்பிரியான் காலத்துக் குருமாரைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்று, 1939இல், போர் மூளும் ஆண்டில், கீழ்த்திசைக்குத் திரும்பினார்.

திரும்பியது யாழ்ப்பாணத்துக்கன்று. தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்து, 1940 முதல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானார். அவர் வாழ்க்கையில் நான் மிகுதியும் வியக்கும் கட்டம் இதுவே. உரோமாபுரிக் கலாநிதி; இலத்தீன், இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் கைவந்தவர்; வயதோ இருபத்தேழு. அவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் முன் மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் அந்தணப் பண்டிதர் ஒருவரிடம் பாடங் கேட்டார் என்பதிற் புதுமை காண்பவர் காண்க; எனக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. பட்டம் பெற்றபின் அரிச்சுவடிக்குத் திரும்பும் மனவலிமையே எனக்குப் புதுமை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதன் அருமையை நன்கறிவர். ஒருமுறை மேசைக்கு இப்பால் அமர்ந்துவிட்டவர் மீண்டும் அப்பால் சென்று அமர்வது எளிதன்று.

அம்மட்டோடு நின்றாரா? 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று மீண்டும் மாணவரானார். தமிழில் முதுகலை; பின்பு பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்னும் பொருள்பற்றி ஆய்வு. அவ்வாய்வே ஆங்கில நூலாக வெளிவந்து, 1966இல் நிலத்தோற்றமும் கவிதையும் என்னும் பொருள்படும் தலைப்போடு மறுபதிப்புப் பெற்றது. உரோமாபுரியில் கற்ற கல்வி இங்கேதான் தன் பயனைக் காட்டிற்று. தியோக்கிரித்தசையும் வெர்ஜிலையும் அறிந்தவர் குறுந்தொகைக்குள் நுழையும்போது, பிறவியிலேயே அதற்குள் வளர்ந்தவர் காணாத சிலவற்றைக் காண்கிறார். கிரேக்க ஆயர்பாட்டிலே புல்வெளி கவிஞனின் இளைப்பாறுமிடம்; ஐந்திணையிலோ நிலம் பாத்திரங்களின் உள்ளத்தோடு ஒட்டியே நிற்கிறது. நெய்தல் பற்றிய பகுதியை அந்நூலில் நான் படிக்கும்போது, அதை எழுதியவர் உப்புக்காற்றில் பிறந்தவர் என்பதை மறக்க முடிவதில்லை.

அவர் எழுத்தில் ஒரு குறையும் எனக்குத் தோன்றுவதுண்டு. சங்க காலத்தை அவர் சற்று அளவுக்கு மேலான ஒளியில் கண்டார். உரோமத்து ஸ்தோயிக்கரையும் திருக்குறளையும் ஒப்பிடும்போது ஒற்றுமைகள் விரைந்து ஓடிவருகின்றன. வேற்றுமைகள் தயங்கித் தயங்கி வருகின்றன. ஆயினும் தமிழுக்கு வழக்கறிஞர் இல்லாத அவைகளில் பேசப் புகுந்தவருக்கு இத்துணை ஆர்வமும் இல்லாவிடின் பேச்சே எழுந்திராது.

1949க்குப் பிறகு அவர் உலகப் பயணங்கள் தொடங்குகின்றன. ஜப்பான், அமெரிக்க நாடுகள், மீண்டும் ஐரோப்பா. சென்றவிடமெல்லாம் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு; கிடைத்த ஓய்விலெல்லாம் நூலகம். 1952இல் ஆங்கிலத்தில் தமிழ்ப் பண்பாடு என்னும் முத்திங்கள் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். அத்தோடு அமைந்துவிடாமல், நாற்பது வயதைக் கடந்த பின் மூன்றாம் முறையாக மாணவராகி இலண்டன் சென்றார்! பழந்தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை என்பது அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள். அக்காலத்து ஐரோப்பியப் பயணங்களே அவருக்குப் பெரும் புதையலை அளித்தன.

லிஸ்பன் மாநகரின் பெலெம் பகுதியில் ஓர் அருங்காட்சியகம். அங்கே 1554ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நகரிலேயே அச்சிட்ட சிறுநூல் ஒன்று உளது. முப்பத்தெட்டுப் பக்கமே கொண்ட செப நூல். தமிழ்தான், ஆனால் உரோம எழுத்தில். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் மேலும் சிற்றெழுத்தில் போர்த்துக்கேயப் பொருள். கறுப்பும் சிவப்புமாக இருநிற அச்சு. அதனை ஆக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூவர். பெயர்தான் போர்த்துக்கேயம், அம்மூவரும் தமிழர். அவர்கள் லிஸ்பன் நகரத்துக் குளிரில் அமர்ந்து, நம் உயிர்மெய்யெழுத்தை ஒருகாலும் கண்டறியாத அச்சுக்கோப்பாளனுக்கு எப்படிச் சொல் சொல்லாகப் படித்துக் காட்டியிருப்பர்! நானூறு ஆண்டு கழித்து இன்னொரு தமிழ் மாணவர் அதே நகரில் அந்நூலைப் புரட்டினார்.

வத்திக்கான் நூலகத்தில் கிடைத்தது இதனினும் பெரிது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயத் துறவி தொகுத்த தமிழ் – போர்த்துக்கேய அகராதி அது. கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சானது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். தொகுத்தவர் அச்சுப்படியைக் கண்ணாற் கண்டாரில்லை; அவர் 1666இலேயே மறைந்துவிட்டார். பதின்மூன்று ஆண்டு கழித்து மரத்தில் எழுத்துச் செதுக்கி அதை அச்சேற்றினர். தனிநாயகம் அடிகள் இளமையில் ஐந்தாண்டு வாழ்ந்த ஜானிக்குலக் குன்றிலிருந்து அந்நூலகம் நடைதூரமே. மாணவராய் இருந்த நாளில் அங்கே அது இருந்தது. ஆனால் அதனைக் கேட்டுப் பெறும் கல்வி பெற அவர் வடக்கன்குளம் போய்வர வேண்டியிருந்தது! மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராய் இருந்தபோது, 1966இல், அவ்வகராதியை நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார்.

இந்த நூல்களால் நமக்கு என்ன பயன் என்று மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. அவர்களை வீட்டுக்குச் சென்று சுற்றிப் பார்க்கச் சொல்வேன். குசினிக்குள் நுழைந்து, மேசைமேலிருக்கும் கோப்பையில் பாணைத் தோய்த்து உண்டு, அலுமாரியைச் சாத்தி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, யன்னல் வழியே தாய்க்கு விடைசொல்லிப் புறப்படும் குருநகர்ப் பிள்ளை, தான் காலை முழுவதும் பாதிப் போர்த்துக்கேயத்தில் நடமாடியதை அறியமாட்டான். எங்கள் கரையில் போர்த்துக்கேயர் இறங்கினர், ஆண்டனர், அழித்தனர், போயினர். சொற்கள் போகவில்லை. அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற சொற்களை நாம் வைத்திருக்கிறோம். அவர்கள் நம்மிடமிருந்து எழுதிக்கொண்ட சொற்களை அவர்களுடைய நூலகங்கள் வைத்திருந்தன. இக்கணக்கின் மறுபாதியை நமக்குக் காட்டியவர் அடிகள்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961இல் அடிகள் இலங்கையை விட்டு மலாயா சென்றார். அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை, சுருங்கக் கூறுவேன். 1964 ஜனவரி 7ஆம் நாள், கீழ்த்திசை அறிஞர் மாநாட்டிற்காகப் புதுதில்லியில் கூடியிருந்தவர்களுள் தமிழில் ஈடுபாடுடையோரைச் சேர்த்து, வ. அய். சுப்பிரமணியத்தோடு இணைந்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளராயினர். முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில். அடுத்தது 1968இல் சென்னையில். மூன்றாவது 1970இல் பாரிஸில். தமிழ் வெறும் ஓசையாகக் கேட்ட ஐரோப்பாவில், பாரிஸ் நகரத்து அறிஞர் அவை அதனைப் பொருளாகக் கேட்டது. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதன் இறுதி நாளாகிய 10ஆம் நாள் இரவு நிகழ்ந்த உயிரிழப்புகளை இவ்வூரில் எவரும் மறந்திலர்.

அவருடைய பயண நூல் ஒன்றே உலகம் என்பது. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை உலக அரங்குகளில் ஓயாது எடுத்துரைத்தவர் அத்தலைப்பைத் தேர்ந்ததில் வியப்பில்லை. மாணவர்கள் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு முன் அந்நூலைப் படித்தல் நன்று என்பது என் துணிபு. எங்கும் வியந்து நிற்கும் உரோமாபுரி மாணவரின் குரல் அதில் இன்னும் கேட்கிறது. 1980 செப்ரெம்பர் 1ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

அவர் மறைந்து ஒன்பது திங்கள் நிறைந்த வேளையில், 1981 மே 31ஆம் நாள் நள்ளிரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. அந்நூலகக் கட்டடம் எழ முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், முன்னே நான் நினைவிலிருத்தச் சொன்ன லோங் அடிகள். சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த அதே அயர்லாந்துக் குருவானவர். 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்திலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. சம்பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்டவர் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள். தமிழ்ப் பண்பாடு இதழில் கட்டுரைகள் எழுதியவர். தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சிக்கே வாழ்நாளை ஈந்தவர். அக்காட்சியைத் தாங்காது அவர் உயிர் பிரிந்தது.

லிஸ்பன் நகரமும் ஒரு காலத்தில் எரிந்ததுண்டு. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிலநடுக்கமும் கடற்கோளும் தொடர்ந்த தீயும் அந்நகரை அழித்தபோது, எழுபதினாயிரம் நூல்கொண்ட அரசர் நூலகமும் அழிந்தது. மூன்று தமிழர் சொல் சொல்லாகப் படித்துக்காட்டி அச்சேற்றிய அந்தச் சிறுநூலின் படி ஒன்று மட்டும் எப்படியோ தப்பிற்று.